விமான நிலையத்தில் நான் இல்லாத காரணம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கைகளை முத்தமிட்டு ருஷ்தி ஜோர்டானின் அம்மான் நகரத்திலிருந்து எழுதுவது. இடுப்பு வலி குறைந்ததா? நான் நலம்.

டமாஸ்கஸ் விமான நிலையத்தில் நம் கூடைப்பந்து அணியை வரவேற்றதை டிவியில் பார்த்து, என்னைத் தேடியிருப்பீர்கள். முழங்கால் கொஞ்சம் பிசகியதால் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்.

தகுதிச்சுற்றின் கடைசி ஆட்டத்துக்கு முன்பே அது வீங்கியிருந்தது. கோச் நஸூஹ் ஊசி போட வைத்தார்.

"இன்னைக்கு மட்டும் ஓடுடா சிங்கமே, அப்புறம் உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போறேன்."

ஓடினேன். வெற்றிப் பந்தைக் கூடையில் போட்டுவிட்டு விழுந்தேன். நம் பையன்கள் என்னைத் தாண்டிக் குதித்து ஓடினார்கள். என்னைத் தூக்கிவிட்டவன் தோற்ற அணிக்காரன்.

மறுநாள் கோச் வந்தார். நலம் விசாரிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்தேன்.

"உன் அஞ்சாம் நம்பர் சட்டை எங்கடா? புதுப் பையன் கேக்கிறான்."

"நான் திரும்பி வந்தா எனக்கு வேணுமே, கோச்?"

"அடேய், இனி நீ ஆட முடியாதுன்னு டாக்டர் சொல்லலையா?" என்று சிரித்தார். சட்டையை என் பையிலிருந்து அவரே உருவிக்கொண்டு, விமானம் பிடிக்கப் போய்விட்டார். டாக்டர் அதைச் சொன்னது அன்று மாலைதான்.

கவலைப்படாதீர்கள், சாப்பாடு நன்றாக இருக்கிறது. கடிதம் கொண்டுவரும் டிரைவரிடம் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் ஸஅத்தர் மூலிகைப் பொடி கொடுத்தனுப்புங்கள். வெள்ளிக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்காரும்போது எனக்கு போன் போட்டு மேஜையில் வைத்துவிடுங்கள். என்னோடு பேசக்கூட வேண்டாம், நீங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நம் தெரு அபு அத்னானின் தரைத்தள அறை காலியா என்றும் விசாரியுங்கள். நம் வீட்டின் நான்கு மாடிப் படி இனி எனக்கு ஆகாதாம்.

நர்ஸ் வந்துவிட்டாள், முடிக்கிறேன்.

உங்கள் ருஷ்தி