ஏஞ்சல் பாடிய ஒப்பாரியும் வராத கோடியும்

முசரவாக்கம்
புதன்கிழமை

அன்பு மகள் சுகாசினிக்கு அம்மா எழுதுவது. நான் உயிரோடுதான் இருக்கிறேன், உன் மகளும் வேளைக்குச் சாப்பிடுகிறாள், குவைத்தில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆளுக்கு ஒரு கதையாக உனக்குச் சொல்வார்கள். பக்கத்து வீட்டு மேரி, அவள் புருஷன் ஆட்டோ ஓட்டும் கிறிஸ்டோபர், உன் சித்தப்பா மகன் விக்ரம், எதிர்வீட்டுத் தையல்நாயகி, உன் மகள் ஏஞ்சல், பிணமாக நான். போனில் சொன்னால் பாதியில் விடும்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன், ஏஞ்சல் இதைப் படம் பிடித்து அனுப்புவாள். எழுதவும் கை ஓய்ந்துதான் கிடக்கிறது, இந்தச் சித்திரை வெயிலில் மூட்டு இரண்டும் என் பேச்சைக் கேட்பதில்லை.

அவள் மியூசிக் காலேஜில் பரீட்சைக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள், உனக்கும் சொல்லியிருப்பாள். ஒரே பாட்டை எடுத்துக்கொண்டு அது ஐம்பதுகளில் வந்திருந்தால் எப்படி இருக்கும், எழுபதுகளில் எப்படி, எண்பதுகளில் எப்படி, தொண்ணூறுகளில் எப்படி என்று அந்தந்தக் காலத்துச் சாயலில் மாற்றிப் போட வேண்டுமாம். மற்றப் பிள்ளைகள் எல்லாம் சினிமாப் பாட்டு எடுத்துக்கொள்ள, இவள் என் அம்மா செத்தபோது நான் சொல்லி அழுத ஒப்பாரி வேண்டும் என்று நின்றாள். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி சொல்லக் கூடாதுடி என்றேன், ஆயா ஆயா இது வெறும் பாட்டு ஆயா என்று தாடையைப் பிடித்தாள். சரி என்று ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக் கொடுத்தேன். அவள் போட்டுக் காட்டியதை நீயும் கேட்க வேண்டும். ஐம்பதுக்கு ஆர்மோனியம் வைத்து மூக்கால் இழுத்து ரேடியோ கரகரப்பையும் சேர்த்திருக்கிறாள், எழுபதுக்குக் கிதாரும் டிரம்மும் போட்டதில் எங்கம்மா சாவுக்கு இடுப்பை ஆட்டலாம் போல இருக்கிறது, எண்பதில் ஒரு கூட்டம் வயலின் சேர்ந்து அழுதது, எனக்கே கண் கலங்கியது, அவளிடம் சொல்லவில்லை. தொண்ணூறு என்ன என்றால் வெறும் மெஷின் தாளம், தகரக் கொட்டகையில் மழை கொட்டுகிற மாதிரி.

அதில் ஒரு அடி உனக்குத் தெரியும். பத்து பேருக்குப் பொங்கிப்போட்ட என் அம்மா, உனக்குப் பழங்கஞ்சி ஊத்த ஒரு மருமகளும் இல்லையே. நடந்ததைத்தான் சொன்னேன். செத்த வீட்டில் பொம்பளை சொல்லி அழுவதை யாரும் மனசில் வைத்துக்கொள்வதில்லை, அது அங்கேயே போகிற பேச்சு. உன் மாமன் மட்டும் வைத்துக்கொண்டான். என் பொண்டாட்டி மானத்தை ஊர் நடுவில் வாங்கினாள் என்று கருமாதியோடு பேச்சை நிறுத்தினான், வாலாஜாபாத்தில் இருந்துகொண்டு இந்த ஊர்ப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. நீயும் ஒவ்வொரு போனிலும் மாமாவிடம் நீயே பேசும்மா என்கிறாய். எப்படியும் நான் போகிற அன்று என் மேல் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை எடுத்துக்கொண்டு வந்துதானே ஆக வேண்டும், அன்றைக்காவது என் முகத்தைப் பார்ப்பான் என்று அந்த நம்பிக்கையில்தான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கரையில் காற்று இரைகிறது என்று இவள் வீட்டுக்குள்ளேயே கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, ஃபேனையும் நிறுத்திவிட்டு, காதில் அந்தப் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடிப் பதிவு பண்ணினாள். சத்தம் போடாமல் படு ஆயா என்றாள், தரையில் துண்டை விரித்துப் படுத்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். அவள் அடித்தொண்டையில் அம்மா அம்மா என்று கதறினால் தெருவில் போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மேரி வந்து கதவைத் தட்டியிருக்கிறாள், இவள் காதில் எங்கே விழும். கங்கையம்மா போயிடுச்சே என்று மேரி அலற, விக்ரம் வாசலில் நின்று எல்லோருக்கும் போன் போட, கிறிஸ்டோபர் தோளால் முட்டித் தாழைப் பெயர்த்துவிட்டான். உள்ளே பார்த்தால் நான் மல்லாந்து கிடக்கிறேன், பக்கத்தில் பேத்தி அழுகிறாள். மேரி என் மார்பின் மேல் விழுந்தாள். அடியே மூச்சு முட்டுது எழுந்திருடி என்றேன், அவள் போட்ட கூச்சல் முதல் கூச்சலைவிடப் பெரிசு. குழாயடியில் என் குடத்தை நகர்த்திய நாள் முதல் என்னோடு பேசாத தையல்நாயகி, அம்மனுக்குக் கட்டிய மாலையையே தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். பொணத்துக்கு எடுத்தத சாமிக்குப் போட முடியாது, நீயே போட்டுக்கோ கிழவி என்று என் கழுத்தில் போட்டாள். எல்லோரும் சிரித்தோம், டீ போட்டுக் குடித்தோம்.

விக்ரம் மட்டும் சிரிக்கவில்லை. கேட்டால் ஒண்ணுமில்ல பெரிம்மா என்றான். ஸ்பீக்கரில் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்ட தையல்நாயகிதான் உடைத்துச் சொன்னாள். உன் மாமனுக்குத்தான் முதல் போன் போட்டிருக்கிறான். அக்காள் செத்துவிட்டாள் என்று கேட்டவன் எப்போது, எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைல கல்யாணப் பார்ட்டி வந்துகினு இருக்குது, என்னால வர முடியாது, கோடிய நீங்களே ஒண்ணு எடுத்துப் போட்டுக்குங்கப்பா என்றானாம். காலையில் இருந்து ராத்திரி வரை பட்டுப்புடவையை உதறி மடிக்கிறவன் வாயில் இருந்து வந்த பேச்சு இது. உயிரோடு இருக்கிறேன் என்று விக்ரம் மறுபடி போன் செய்தபோது, சரி என்று வைத்துவிட்டான்.

ஏஞ்சல் இரண்டு நாள் அழுதாள். அந்த மருமவ அடிய எடுத்துடறேன் ஆயா, மாமா தாத்தாவுக்கு அனுப்பலாம், மனசு மாறிடுவாரு என்றாள். எடுக்காதே, நாலு காலத்துப் பாட்டிலும் அது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். எங்கம்மா பசியோடு கிடந்தது பொய்யா?

இனிமேல் அவனிடம் பேசு என்று எனக்குச் சொல்லாதே, அங்கிருந்து அவனுக்கு சென்ட் பாட்டில் அனுப்புவதையும் நிறுத்து. நான் போகிற அன்று அவன் கோடிக்காக என்னை வாசலில் காக்க வைக்காதே. மேரி கொண்டுவந்தாலும் தையல்நாயகி கொண்டுவந்தாலும் அதைப் போர்த்தி எடுத்துவிடுங்கள், ஊர்ப் பெரியவர்கள் முறை பேசினால் அம்மா எழுதியே கொடுத்திருக்கிறாள் என்று காட்டு.

நீ ராத்திரி டியூட்டிக்குச் சாப்பிடாமல் போகாதே. ஏஞ்சலுக்கு வெள்ளிக்கிழமை பரீட்சை, மறக்காமல் பேசு. கர்த்தரும் கங்கையம்மனும் உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும், நீயும் மாப்பிள்ளையும் நிறைவாக இருங்கள். தாழை உடைத்த கிறிஸ்டோபர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தையல்நாயகி என் குடத்தை நகர்த்தியதையும் விட்டுவிட்டேன். என் கூடப் பிறந்த முனிரத்தினத்தை மன்னிக்க மாட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா
கங்கையம்மாள்