மார்ஜரி யாருடைய மகள்?

என் பாசமுள்ள அண்ணைக்கு,

பத்து நாட்களுக்கு முன் ஸ்கொட்லாந்திலிருந்து உங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. நீங்கள் எங்களை விட்டுப் போய் ஐந்து மாதமாகிவிட்டது என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. திறக்க எனக்குக் கை வரவில்லை. மகள் நிலானிதான் பிரித்து வாசித்தாள்.

அந்த நாட்டுப் பழைய பிரபுக்களின் வம்சவரிசையைப் புத்தகமாகப் போடுகிற பேராசிரியை எழுதியிருந்தார். மார்ஜரி என்ற பெண்ணை வால்டர் பிரபுவின் தங்கை என்றுதான் இதுவரை எல்லோரும் ஊகித்து வந்தார்களாம். தங்கை அல்ல, மகள் என்று நீங்கள் அவருக்கு முன்பு எழுதியிருந்தீர்களாம். ஆதாரம் கேட்கிறார். மாத முடிவில் புத்தகம் அச்சுக்குப் போகிறது.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனைதான். எனக்கு இதில் என்ன தெரியும், அண்ணை? ஊரில் எல்லாம் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு நீங்கள் செய்தி கேட்பதையே விட்டீர்கள். றெஸ்ரோரன்ட் வேலை லீவு நாட்களில் ஆவணக் காப்பகத்துக்குப் போய், எண்ணூறு வருடப் பழைய காணி உறுதிகளை வாசிக்கத் தொடங்கினீர்கள். ரூ பெர்தொனே தெருவின் மரக்கறிக் கடைக்காரர் கேட்பார்: “என்ன தங்கச்சி, உங்கடை அண்ணை வெள்ளைக்காரருக்குக் கலியாணம் பொருத்திறாரோ?” நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஏன் இந்த வேலை என்று ஒருநாளாவது உங்களிடம் கேட்டேனா?

நீங்கள் குறிப்பெழுதிய பதினொரு கொப்பிகளையும் குசினி மேசையில் பரப்பினோம். ஏழாவதில் ஒரு காணி உறுதியின் பிரதி இருந்தது. வால்டர் பிரபு, ‘என் மகள் மார்ஜரிக்கு’ என்று காணி எழுதிக் கொடுத்திருந்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிறகு கடைசிக் கொப்பியைத் திறந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பு எழுதியிருக்கிறீர்கள்: ‘என்னில் பிழை. தகப்பனுக்கும் மகனுக்கும் வால்டர் என்றே பெயர். சாட்சியாக நின்ற திருச்சபை ஆயர், மகன் பட்டத்துக்கு வருமுன்பே இறந்துவிட்டார். ஆகவே உறுதி எழுதியவர் தகப்பன். மார்ஜரி மகனுக்குத் தங்கை. உடனே அறிவிக்க வேண்டும்.’

எப்போதும் பிரெஞ்சில் பதில் சொல்கிற நிலானி அன்று தமிழில் பேசினாள். “மம்மா, ஏழாவது கொப்பியை மட்டும் அனுப்புவம். மாமான்ரை பேர் புத்தகத்திலை வரும்.”

“பிழை எண்டு அவரே எழுதி வைச்சிருக்கிறாரே, பிள்ளை.”

“அவர் அதை அனுப்பேல்லையே.”

மூன்று நாள் நான் நானாக இல்லை. ரயிலில் வேலைக்குப் போகும்போது கார் து நோர் நிலையத்தில் இறங்க மறந்து சென் தெனி வரை போய்விட்டேன். உங்கள் பெயரை என் கையாலேயே அழிக்கப் போகிறேனா? மறைத்தால் உங்கள் முகத்தை நினைக்க முடியுமா? நாலாம் நாள், இரண்டு பக்கங்களையும் படமெடுத்து, நீங்கள் இறந்ததையும் எழுதி அனுப்பச் சொன்னேன். நிலானி அழுதுகொண்டே அனுப்பினாள்.

நேற்றுப் பதில் வந்தது. மார்ஜரி தங்கைதான். ஆனால் அதற்குச் சரியான சான்று இதுவரை ஒருவரிடமும் இருக்கவில்லையாம். அந்த ஆயரைக் கவனித்தவர் நீங்கள் ஒருவர்தானாம். அடிக்குறிப்பில் உங்கள் பெயரைப் போடப் போகிறார்.

இப்போது எனக்குப் புதுப் பயம். உங்கள் பிரெஞ்சுப் பத்திரங்களில் அப்பாவின் பெயரும் உங்கள் பெயரும் இடம் மாறிக் கிடக்கின்றன. நீங்கள் அவருக்கு எழுதிய கடிதத்திலும் அப்படியே இருந்ததாம்; எது உங்களுடையது என்று கேட்டிருக்கிறார். ‘தவராசா, பொன்னையாவின் மகன்’ என்று எழுதியிருக்கிறேன். விளங்கிக்கொள்வாரா, அண்ணை? அச்சுக்கு முன் ஒரு படி அனுப்புவார். எழுத்தெழுத்தாகப் பார்த்துத்தான் விடுவேன். உங்களை ஒருவரும் அப்பாவாக்கி எழுத விடமாட்டேன்.

பொன்னையாவின் மகள்,
தவராசாவின் தங்கை,
வசந்தி