லிஃப்ட் நின்ற அன்று அப்பா பேசியது

அன்பு மகளுக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கே இருவரும் நலம், காலையில் கண்மூடி நிற்கும்போது உன்னையும் மாப்பிள்ளையையும்தான் முதலில் சொல்கிறேன், எனக்கானது அப்புறம்தான். என் முழங்கால் வலி தேவலை. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவின் வலது கை ஓரளவு வந்துவிட்டது, டம்ளரைத் தானே பிடிக்கிறார், பேச்சுதான் இன்னும் திக்கித் திக்கி வருகிறது.

போன ஞாயிறு நீ போனில் அழுததைப் பற்றித்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன்னை 'வாலு' என்று கூப்பிட அப்பா வாயெடுத்தார், வரவில்லை, நீ அந்தப் பக்கம் விம்ம, போனை என் கையில் திணித்துவிட்டுப் போனவர்தான். இப்போது போன் மணி அடித்தாலே குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறார். உன்மேல் வருத்தமில்லை. ஆனால் இப்படியே விட்டால் உன்னோடு பேசுவதையே நிறுத்திவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை நம் கட்டிடத்து லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது, உள்ளே மேல்வீட்டு டீச்சர். வாட்ச்மேன் நம் வீட்டுக்கு ஓடிவந்து, அப்பாவுக்குப் பேச்சு வராது என்பதையே மறந்து, கதவை நெம்பட்டுமா சார் என்று கேட்டார். காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனுஷரல்லவா, நெற்றியைச் சுருக்கி யோசித்தார், பிறகு, "கதவைத் தொடாதே. மெயினை ஆஃப் பண்ணிட்டு கம்பெனிக்கு போன் போடு. டீச்சரை உட்காரச் சொல்லு" என்றார், ஒரு திக்கல் இல்லை. நான் பூரித்துப்போய், பேசிட்டீங்களே என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவ்வளவுதான், பூட்டுப் போட்ட மாதிரி வாய் மூடிக்கொண்டது. வெளியே வந்த டீச்சர், லிஃப்டைவிட நீங்கதான் பெரிய ரிப்பேர் என்று அழுதுகொண்டிருந்த என்னைக் கிண்டல் செய்தாள்.

அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் கேட்டேன். உணர்ச்சிக்கும் யோசனைக்கும் மூளையில் தனித்தனி வீடு கிடையாதாம், மனசு பொங்கினால் வார்த்தை தேடுவது திணறுமாம், யோசனையை ஒரு வேலையில் ஊன்றினால் பொங்கிய மனசும் கொஞ்சம் அடங்குமாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது என்றும் சொன்னாள். எனக்குப் புரிந்தது. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம் பால் கணக்கைக் கூட்டக் கூட்ட வேறு வேறு தொகை வந்தது, விடாமல் கூட்டிக்கொண்டே இருந்தேன், கணக்கு சரியாவதற்குள் பதற்றம் அடங்கியிருந்தது.

அதனால் இந்த ஞாயிறு, எப்படி இருக்கீங்கப்பா என்று குரல் தழுதழுக்கக் கேட்காதே. உன் வாஷிங் மெஷின் சத்தம் போடுகிறது என்றாயே, அதைக் கேள். கேட்டுவிட்டுக் காத்திரு, நீயாக வார்த்தையை எடுத்துக்கொடுக்காதே, அன்பு என்ற பேரில் நாம் எல்லாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். அழுகை வந்தால் அப்புறம் என்னிடம் அழு, அதற்குத்தானே நான் இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் விசாரித்ததாகச் சொல். ஆண்டவன் உங்கள் இருவரையும் கைவிடமாட்டான்.

என்றும் உன் நினைவில்,
அம்மா

எழுதி முடிக்கும்போது அப்பா பக்கத்தில் வந்து நின்றார். உன் மெஷினைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். நெற்றியைச் சுருக்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "வாலுகிட்ட கேளு, சத்தம் தண்ணி ரொம்பும்போதா, சுத்தும்போதா" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். பதிலை அவரிடமே சொல்.