பெரியபாளையத்துக் கோபுரம் நடந்த செய்தி

ஆரம்பாக்கம்,
3-2-1969

அமெரிக்காவைக் கட்டி ஆளும் மருமகன் லோகநாதனுக்கு, ஆரம்பாக்கம் ரைஸ்மில்லின் ஏக சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமாகிய அரசப்பன் அனுப்பும் ஓலை.

நான் சௌக்கியம். உன் அம்மா கெங்கம்மா சௌக்கியமில்லை. தொண்டைக் கட்டியை அறுத்தே ஆக வேண்டும் என்கிறார் மதராஸ் டாக்டர். பிழைத்துவிடுவாள், குரல் திரும்புவதுதான் சந்தேகமாம். "கொரலு இருக்கசொல்லவே எம்புள்ளகூட ஒருதபா பேசணும்ண்ணே" என்கிறாள். ஏப்ரல் கடைசியில் ஆபரேஷன். வருவாயா, மாட்டாயா?

அரசப்பன்

பாஸ்டன்,
20-2-1969

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

அம்மா சௌக்கியமில்லை என்று ஏன் சொல்கிறீர்கள்? தொண்டையைப் பற்றி மேலும் சொல்லுங்கள். அம்மா என்னோடு பேச வேண்டும் என்று எப்போதிலிருந்து நினைக்கிறார்? சின்ன வயதில் அம்மா எப்படி இருந்தார்?

லோகநாதன்

ஆரம்பாக்கம்,
6-3-1969

மருமகனே,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "இன்னாமா விசாரிக்கிறான் பாரேன்!" என்று கெங்கம்மா வலியை மறந்து பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். அத்தனையும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். தூக்கிப் போக தபால்காரர் குப்பன் மாட்டுவண்டி கேட்கிறார்.

ஆனால் வருவாயா என்றேனே, அதற்குப் பதில் எங்கே?

ஊர்ச் செய்தி ஒன்று. போன ஞாயிறு பெரியபாளையத்தம்மன் கோயில் கோபுரம் எழுந்து நடந்து, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து நம்மூர் வந்தது. நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

மாமா

பாஸ்டன்,
21-3-1969

அன்புள்ள மாமாவுக்கு வணக்கம்.

கோபுரத்தைப் பற்றி மேலும் சொல்லுங்கள். கோபுரம் வந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது? டீ வாங்கிக் கொடுத்ததாக ஏன் சொல்கிறீர்கள்?

லோகநாதன்

ஆரம்பாக்கம்,
3-4-1969

டேய்!

அரைக்கால்சட்டை நாளிலிருந்து நான் ஒரு புளுகு விட்டால் நீ அதற்கு மேல் ஒன்று விடுவாய். நம் கிணற்றில் திமிங்கிலம் என்றேன். அதன் முதுகில் ஏறித்தான் பள்ளிக்கூடம் போகிறேன் என்றாய். அந்தப் பிள்ளையா கோபுரத்துக்கு இப்படிக் கேட்பான்? இதை எழுதுவது யார்? உண்மையைச் சொல். இல்லாவிட்டால் பழவேற்காடு ஏரியை ஒரே மிடறில் குடித்துவிட்டு, கடல்மேல் நடந்தே வந்து உன் காதைத் திருகுவேன்.

அரசப்பன்

பாஸ்டன்,
14-4-1969

மாமா,

கோபிக்காதீர்கள். மனிதர் பேச்சுக்கு மிஷின் பதில் சொல்லும்படி இங்கே பழக்குகிறோம். அதற்கு அர்த்தம் எதுவும் தெரியாது. வாக்கியத்தில் 'அம்மா', 'வலி' என்று ஏதாவது ஒரு சொல்லைத் தேடும். 'நான்' என்றால் 'நீங்கள்' ஆக்கிக் கேள்வியாகத் திருப்பிவிடும். ஒன்றும் அகப்படாவிட்டால் 'மேலும் சொல்லுங்கள்' என்னும். ஆங்கிலத்தில் சுலபம். தமிழில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேற்றுமை, விகுதி என்று எத்தனை வால்! வெட்டி வெட்டித்தான் பழக்கினேன். உங்கள் கடிதங்களை அட்டைகளில் துளையிட்டு அதற்குக் கொடுத்தேன். வந்த பதிலைக் கையால் எழுதி அனுப்பினேன்.

அம்மா சந்தோஷப்பட்டார்களே, அது தப்பா? ஜூனில் மாநாடு. முடிந்ததும் கட்டாயம் வருகிறேன். ஆபரேஷனைத் தள்ளிவைக்க முடியுமா?

லோகு

ஆரம்பாக்கம்,
5-5-1969

மாட்சிமை தங்கிய மிஷின் மகாராசாவுக்கு,

இது உமக்குத்தான். உம் பக்கத்தில் நிற்பவருக்கு அல்ல.

கத்திக்குப் போகுமுன் கெங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "மிஷினாண்ணே? இருந்துட்டுப் போவட்டும். அதுவாவது கேட்டுச்சே. அதுக்கு ஒரு கும்புடு எழுதிடு" என்றாள். அவள் குரலில் நான் கேட்ட கடைசிப் பேச்சு அது.

கட்டி போய்விட்டது. உயிர் இருக்கிறது. குரல் இல்லை.

ஆகையால் அம்மாவைப் பற்றி மேலும் சொல்லுங்கள் என்று இனிக் கேட்காதீர். மகனிடம் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் உம்மிடம் கொட்டி முடித்துவிட்டாள். பத்திரமாக வைத்திரும்.

பக்கத்தில் நிற்பவர் ஜூனுக்கப்புறம் வருவதாக எழுதியிருந்தார். கோபுரம் நடந்ததற்கு மேல் ஒரு புளுகு. இதை மிஞ்ச எனக்குப் புளுகு வரவில்லை.

கெங்கம்மாவின் கும்பிடுடன்,
அரசப்பன்