பூதம் விழுந்த காட்சி

8-3-74, வெள்ளி

காலையிலேயே வெயில் சுள்ளென்று. தொழுகைக்குப் போகுமுன் முடிக்க வேண்டியவை: வாத்தியார் பேன்ட் 1, பாவாடை 3. பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பது பாக்கி.

டூரிங் கொட்டகை வண்டி கடை வழியாகப் போனது. நாளை முதல் மூன்றே நாள், பழைய ராஜா கதை என்று ஒலிபெருக்கியில் கத்தல். மிஷினை நிறுத்திவிட்டேன். நம் படம்! பயந்தாங்கொள்ளி அரண்மனைச் சமையல்காரன் பூதத்தைக் கொல்வானே, அது.

பதினொரு வருஷம் ஆகிறது. தொப்பூர் மலையில் எடுத்தார்கள். பூத உடுப்பைத் தைத்தது நான். அதற்குள் நின்றது என் சிநேகிதன் மாதப்பன், எனக்கு மாது. ஆறடிக்கு மேல் வேறு ஆள் கிடைக்கவில்லை. ஒன்பது நாளும் திருவிழாதான். பூதத் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பீடி குடிப்பான். குரங்குகள் அலறி ஓடும்.

9-3, சனி

தையலில் மனம் இல்லை. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடக்கையாக வெட்டிவிட்டேன்.

படப்பிடிப்பின் கடைசி நாள் நடந்தது இது. மூச்சு விட வாயில் ஓட்டை வை என்றான் மாது. முகம் தெரியும், தைத்துவிடு என்றார் டைரக்டர். தைத்தேன். சமையல்காரன் மிளகாய்ப் பொடி வீசியதும் பூதம் தும்மி விழவேண்டும். தும்மல் வரவில்லை. நிஜமாகவே மயங்கி விழுந்தான். ஓடிப்போய்த் தையலைக் கிழித்தேன். மூச்சு வந்துவிட்டது. ஆனால் அவன் கண் திறப்பதற்குள் நழுவிவிட்டேன். முகத்தில் விழிக்கத் தெம்பில்லை. தைத்துவிட்டு ஓடிப்போனவன் என்றே இன்றுவரை நினைக்கிறான். அதன்பின் பேச்சில்லை.

படத்தில் அந்த மயக்கத்தையே வைத்தார்களாம். ஊரே சிரித்தது. நான் பார்க்கவில்லை. அவனும் இல்லை.

மதியம் சைக்கிளில் அவன் ஊருக்கு. களத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரை.

"வாங்க" என்றான். முன்பெல்லாம் 'வாய்யா'.

"நம்ம படம் வந்திருக்கு மாது. நாளைக்குப் போலாமா?"

குனிந்து அடுத்த புளியைத் தட்டினான். அவன் மனைவி மோர் கொண்டுவந்தாள். "போயிட்டுத்தான் வாங்களேன். ஊரெல்லாம் பாத்தாச்சு, நீங்க ரெண்டு பேருந்தான் பாக்கி."

10-3, ஞாயிறு

வந்தான்! முதல் ஆட்டம். ஒரே பெஞ்சு, நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம்.

பூதம் வந்தது. நான் தைத்த சாக்கு, வைக்கோல் வயிறு, அட்டைப் பல். "அந்த வாலை மிதிச்சு எத்தினி வாட்டி வுழுந்தேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

மிளகாய்ப் பொடி. பூதம் தள்ளாடி விழுந்தது. கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அப்போது திரை ஓரத்தில் ஒருவன், கைலி, பனியன், கழுத்தில் டேப், பேய் பிடித்தவன்போல் பூதத்தை நோக்கி ஓடிவந்தான். கண் சிமிட்டும் நேரம். அடுத்து அரண்மனை.

மாது எழுந்து நின்றுவிட்டான். "யாரது?"

"உக்காருப்பா, மறைக்குது!" பின்னாலிருந்து.

"நான்தான்" என்றேன்.

"நீயா வந்து கிழிச்சே?"

"ம்."

உட்கார்ந்தான். இந்த முறை பக்கத்தில். "ராசா காலத்துல ஏதுய்யா கைலி?" என்றான். சிரிக்க ஆரம்பித்தோம். கண்ணைத் துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. மிச்சப் படத்தில் என்ன நடந்ததோ, தெரியாது.

11-3, திங்கள்

புழுக்கம். கடைசி நாள். மாது வண்டி நிறையக் குடும்பத்தைக் கூட்டி வந்தான். எனக்கும் ஒரு பொட்டலம் வேர்க்கடலை.

பூதம் தள்ளாடும்போது பிலிம் அறுந்தது. விசில், கூச்சல். மாது எழுந்து திரைக்கு முன்னால் போனான்.

"கத்தாதீங்க! நான்தான் அந்தப் பூதம். எப்பிடி வுழுந்தேன்னு காட்டறேன், பாருங்க!"

கையைத் தூக்கினான், ஆடினான், தொப்பென்று மணலில் விழுந்தான். ஒரே கைதட்டல். எழவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்து என் பக்கம் பார்த்தான்.

"பாய்! ஓடியாய்யா!"

ஓடினேன்.