இருவருக்கான அறை

குளியலறை அலமாரியை இன்று காலை ஒதுக்கிச் சுத்தம் செய்தேன். பழைய துவாய்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பொலித்தீன் பை கைக்கு வந்தது. உள்ளே ஹோட்டல்காரர் கொடுக்கும் குட்டிச் சவர்க்காரங்கள். தாளைப் பிரிக்காமலே எலுமிச்சை வாசம் அடித்தது. உங்கள் செத்தவீட்டுக்குப் பாரிஸிலிருந்து வந்த குமரனின் மனைவி, திரும்பிப் போகிற அன்று என் கையில் வைத்துவிட்டுப் போனவை. "அக்கா, நாங்கள் இதுகளைப் பாவிக்கேல்லை. வீட்டை ஆரும் வந்து நிண்டால் குடுக்க உதவும்" என்றாள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவளுக்குச் சவர்க்காரம். நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இஞ்சாருங்கோ, விளங்குகிறதா? உங்கள் தம்பி குடும்பம் ஹோட்டலில் நின்றது. உங்கள் சின்னம்மாவின் மகன், உங்களுக்காக உயிரையே விடுவான் என்று நீங்கள் வாய் ஓயாமல் சொன்ன அதே குமரன். லண்டன் நோர்பரியில் இந்த வீட்டின் மேல்மாடி முழுவதும் சும்மா கிடக்க, குரொய்டனில் அறை எடுத்து நின்றார்கள். கேட்டதற்கு, "செத்தவீட்டு நேரம் உங்களுக்கேன் அண்ணி கரைச்சல்? எங்களுக்கும் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்" என்றான். அந்த ஆறுதலைத்தான் நான் உங்களிடம் வருஷக்கணக்காகக் கேட்டேன்.

மகள் யூனிவர்சிட்டிக்குப் போன பிறகு இந்த வீடு எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? "பால் வந்துதோ?" என்று நான் கேட்பேன். "வந்தது" என்பீர்கள். "நாளைக்கு ஆர் கடை திறக்கிறது?" "நான்தான்." அதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். உங்களுக்கு ஸ்ட்ரெதம் கடை, எனக்குப் பள்ளிக்கூடச் சமையலறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சட்டி சோறு, ஒரு டிவி. லீவில் வந்த மகள் நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா, அப்பாவோடை ஒரு சிற்றி பிரேக் போங்கோ. நீங்கள் ரெண்டு பேரும் மட்டும். ப்ளீஸ்" என்று ரயில் டிக்கெட்டைப் போட்டுத் தந்தாள். இரண்டே மணித்தியாலத்தில் பாரிஸ். வெள்ளிக்கிழமை போய்த் திங்கட்கிழமை திரும்பலாம்.

எனக்குப் புது உடுப்பு வாங்க வேண்டும் போல் இருந்தது. வாங்கினேன். நீல நிறத்தில், முழங்காலுக்குக் கீழே வருகிற ஒரு கவுன். அது பெட்டிக்குள் போகவேயில்லை. ஏனென்றால் நீங்கள் பெட்டி நிறையத் தேயிலையும், பிஸ்கட்டும், குமரனின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்தும், அவன் மாமியாருக்கு மூட்டு நோவுக்குப் பூசுகிற கிறீமும் அடுக்கிவிட்டீர்கள். "வெறுங்கையோடை போகேலுமே?" என்றீர்கள். சென் பாங்கிராஸ் ஸ்டேஷனில் நமக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரச் சோடி தோளில் ஆளுக்கொரு சின்னப் பையோடு நின்றது. நாம் குடிபெயர்கிற ஆட்கள் மாதிரி நின்றோம்.

குமரன் இருக்கிற ஊரில் ஹோட்டலில் நிற்பதென்பது உங்களுக்கு அவன் முகத்தில் அடிப்பது. அதன் காரணம் எனக்குத் தெரியாததல்ல. ஊரைவிட்டு வந்து முதலில் நீங்கள் இறங்கியது பாரிஸில். ஒரே அறையில் ஆண்கள் முறை வைத்துப் படுத்த காலம். வேலைக்குப் போகிறவன் எழும்பினால்தான் வேலையால் வந்தவனுக்குப் பாய். உங்களுக்கு முன்னால் வந்த குமரன் தன் முறையை உங்களுக்கு விட்டுத் தந்துவிட்டு, கதவடியில் குந்தியிருந்து நித்திரை கொண்டானாம். "அவன் அண்டைக்குக் கதவைத் திறந்திராட்டி நான் எங்கை நிண்டிருப்பன்? யோசிச்சுப் பாரும்" என்பீர்கள். யோசித்துப் பார்த்தேன். யோசித்துப் பார்த்துத்தான் அந்த முறையும், பிறகு போன ஒவ்வொரு முறையும் வாயை மூடிக்கொண்டு பாரிஸ் புறநகர் லா கூர்நெவ்வில் அவன் வீட்டுப் படி ஏறினேன்.

போன உடனே ஆட்டிறைச்சி வெட்டி வைத்திருப்பாள் அவன் மனைவி. "அக்காட கைப்பக்குவம் வராது" என்று அகப்பையை என்னிடம் நீட்டுவாள். சனிக்கிழமை யாரோ வீட்டுப் பெண் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு, ஞாயிறு யாருக்கோ பிறந்தநாள். தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் சீலைக்கடை ஏறி இறங்குவோம். பாரிஸ் என்று நான் கண்டது அதைத்தான்; அந்த உலகப் புகழ் பெற்ற கோபுரத்தை ஒவ்வொரு முறையும் கார்க் கண்ணாடிக்குள்ளால் காட்டி, "அந்தா தெரியுது பார்" என்பான் குமரன். பார்ப்பதற்குள் லொறி ஒன்று மறைத்துவிடும்.

படுக்கிற நேரம் ஆம்பிளைகளுக்கு ஹோலில் விரிப்பார்கள். பொம்பிளைகளுக்கும் பிள்ளைகளுக்கும் அறை. தம்பதி என்று ஊர் விட்டு ஊர் போய், நான் யாருடைய பிள்ளையின் கால் உதையோ வாங்கிக்கொண்டு படுத்திருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் சிரிப்பது கேட்கும். நோர்பரியில் ஒரு நாளும் கேட்காத சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே பொறுத்துக்கொண்டேன் என்று சொன்னால் நல்ல பெண்சாதி என்பார்கள். உண்மை அதுவல்ல. எனக்கு வந்தது எரிச்சல். என்னோடு சிரிக்கத் தெரியாத மனுஷனுக்கு இவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வந்தது?

திரும்புகிற ரயிலில் மட்டும், மடியில் மட்டன் ரோல்ஸ் பார்சலை வைத்துக்கொண்டு, "அடுத்த முறை ஹோட்டல்" என்பீர்கள். நீங்கள் எனக்குத் தந்த ஒரே வாக்கு அது. ஒவ்வொரு முறையும் புதுசாகத் தந்தீர்கள்.

கடைசியில் ஹோட்டல் புக்கிங்கை நானே போட்டேன். நம் கலியாண நாளுக்கு. குமரனுக்குச் சொல்வதில்லை என்று உங்களிடம் உறுதி வாங்கிக்கொண்டு, ஒரு சின்னப் பெட்டியோடு கிளம்பினோம். நீலக் கவுனும் வந்தது. பாரிஸில் ஒரு கால்வாய்க் கரையில் பழைய கட்டடம். லிப்டில் இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும். அறைக்குள் போனதும் ஜன்னலைத் திறந்தேன். கீழே தண்ணீர், ஒரு இரும்புப் பாலம், அதில் கால் தொங்கப்போட்டு இரண்டு பெடியள் பாண் தின்றுகொண்டிருந்தார்கள். இதே எலுமிச்சை வாசம் அந்த அறையிலும் இருந்தது. நீங்கள் கோட்டைக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில், டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிற ஆள் மாதிரி இருந்தீர்கள்.

அந்த அறைக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஒன்று கேட்கப் போனேன். மகளுக்குப் பிறகு ஒரு பிள்ளை வயிற்றில் தங்கி, ஐந்தாம் மாதத்தில் இல்லாமல் போனதே, அதைப் பற்றி நாம் ஒரு நாளும் கதைத்ததில்லை. ஆஸ்பத்திரியால் வந்த மறுநாள் நீங்கள் கடைக்குப் போனீர்கள். நான் மகளுக்குச் சோறு தீத்தினேன். அவ்வளவுதான். சண்டை பிடிப்பதற்கல்ல; நீங்களும் அழுதீர்களா என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். நோர்பரியில் கேட்க முடியாது. அங்கே கடைப் போன் அடிக்கும், இல்லாவிட்டால் நீங்கள் டிவிக்கு முன்னால் தூங்கிவிடுவீர்கள். வேற்றூரில், யாரும் கதவு தட்டாத அறையில் கேட்டுவிடலாம் என்று நம்பினேன்.

"இஞ்சாருங்கோ, ஒண்டு கேக்கட்டே?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு எழும்பினீர்கள். "பொறும், கீழை போய்த் தண்ணிப் போத்தல் ஒண்டு வாங்கிக்கொண்டு வாறன்."

தண்ணீரோடு திரும்பி வந்தீர்கள். கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே குமரனும் வந்தான். கதவு இடிபட்டது. "என்ன அண்ணை இது? நாங்கள் செத்துப்போனமே? ஸ்டேஷனில கண்ட ஆக்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியவேணுமே?" என்று கண் கலங்க நின்றான். பெட்டியை அவனே தூக்கினான். "அண்ணியும் இதுக்கு உடந்தையே?" என்று என்னையும் ஒரு பகிடி. நீங்கள் என்னைப் பார்த்துக் கையை விரித்தீர்கள். நம்மவர் கண்ணில் படாமல் அந்த ஸ்டேஷனைத் தாண்ட ஒருவராலும் ஏலாது என்று நானும் நம்பிவிட்டேன். ஸ்டேஷனில் கண்டவர்களுக்கு ஹோட்டலும் அறையும் எப்படித் தெரிந்தன என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அன்றிரவும் ஹோலில் நீங்கள், அறையில் நான்.

"அடுத்த முறை" என்றீர்கள், ரயிலில். அடுத்த முறை வரவில்லை. கடையில் பெட்டி இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தீர்கள். எனக்குப் போன் வந்தபோது சமையலறையில் பிள்ளைகளுக்கு அவரைக்காய் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

தகனத்துக்கு முன் மண்டபத்தில் குமரன் பேசினான். உங்கள் பாசத்தைப் பற்றித்தான். ஒலிவாங்கியைப் பிடித்து அவன் சொன்ன பாசத்தைப் பொய் என்று சொல்லமாட்டேன். பேசிக்கொண்டு போனவன் இதையும் சொன்னான்.

"அண்ணை ஒருக்கா ஹோட்டலில வந்து நிண்டவர். கொஞ்ச நேரத்திலை அவரே எனக்குப் போன் பண்ணினவர். 'டேய், கெதியா வந்து கூட்டிக்கொண்டு போடா, நான் சொன்னன் எண்டு சொல்லிப்போடாதை' எண்டார். ஏனண்ணை, அண்ணி ஆசையாப் போட்ட ஹோட்டல் எல்லோ எண்டன். 'ரெண்டு நாள் அவவோடை தனிய இருந்து நான் என்னத்தையடா கதைக்கிறது?' எண்டார். எங்கட அண்ணைக்குச் சனம் வேணும். சனமில்லாமல் அவருக்கு மூச்சில்லை."

மண்டபம் மெல்லச் சிரித்தது. செத்தவீட்டில் வருகிற, கண்ணீரோடு கலந்த சிரிப்பு. முன் வரிசையில் நான் இருந்தேன். மகளின் கை என் கைக்குள் கல்லாகிப் போனது. சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்த்து, "நல்ல மனுஷன்" என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். பெட்டிக்குள் கோட்டும் சூட்டுமாய்ப் படுத்திருந்த உங்களைப் பார்த்து, எழும்புங்கோ, எழும்பி இந்தச் சனத்துக்கு முன்னால் சொல்லுங்கோ, என்னோடு கதைக்க உங்களிடம் ஒன்றுமே இல்லையா என்று கத்த வேண்டும் போல் இருந்தது. தகனம் முடிந்தது. குமரன் குடும்பம் தேநீர் குடித்துவிட்டு ஹோட்டலுக்குப் போனது.

இவ்வளவு நாளும் அந்த ஒரு வரியோடுதான் இந்த வீட்டில் இருக்கிறேன். சில நாள் நினைப்பேன், உங்களுக்கு என்னோடு அலுப்பு, அவ்வளவுதான் என்று. அப்போது உங்கள் படத்துக்குப் பூ வைக்கவும் கை வராது. சில நாள் அந்தக் கட்டில் ஓரம் நினைவுக்கு வரும். "ஒண்டு கேக்கட்டே" என்றதும் என் முகத்தைப் பார்த்தீர்களே, அந்தப் பார்வை. நான் கேட்கப்போவது எது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் ஓடினீர்களா? அப்படியென்றால் நீங்களும் அதைச் சுமந்துகொண்டுதான் திரிந்தீர்கள். அதைக்கூட எனக்குச் சொல்லாமல் போனதற்கு உங்களை மன்னிக்க மனம் வரவில்லை. வெறும் அலுப்பு என்றால் அதையாவது மறந்துவிடலாம் போலிருக்கிறது.

நேற்று குமரனிடமிருந்து போன் வந்தது. உங்கள் ஆட்டத்திவசத்துக்கு வருகிறார்களாம். வருஷம் திரும்பிவிட்டது. இந்த முறை ஹோட்டல் விலை ஏறிவிட்டதாம், எல்லாரும் நம் வீட்டிலேயே நிற்கலாம் என்று யோசிக்கிறார்களாம்.

"வாங்கோ தம்பி. அண்ணையின்ரை வீடு எல்லே. ஹோலில ஆம்பிளையள் படுக்கலாம். மகளின்ரை அறையில பொம்பிளையள் படுக்கட்டும். சவர்க்காரம்கூடப் புதுசாக் கிடக்கு" என்றேன்.

"முன் அறை பெரிசெல்லே அண்ணி? அதில பிள்ளையளைப் போடலாமே?"

"அது ஏலாது, தம்பி. அதில ஆக்கள் இருக்கினம்."

"ஆர் அண்ணி?"

"நானும் உங்கட அண்ணையும்" என்றேன். "எங்களுக்குக் கொஞ்சம் கதைக்கக் கிடக்கு."