ஞாயிற்றுக்கிழமையும் தணிக்கைத் தாளும்

லூயிஸ் தீவு
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் டொலினாவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை மைரெட் எழுதுவது. இங்கே அப்பாவும் ஆடுகளும் சுகம், அம்மா எனக்குத்தான் வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது, அதனால்தான் எழுத இவள். அடுப்பில் விறகுக்குப் பதில் எரிக்கச் சதுப்பில் மண்கட்டி வெட்டப் போன இடத்தில் வழுக்கிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை. எடின்பரோவில் உன் உடம்பு எப்படி இருக்கிறது, இருமல் விட்டதா? நான் பேசுகிறபடியே எழுதினால் பள்ளிக்கூடத்துக்கே அவமானமாம், இவள் திருத்தித் திருத்தி எழுதுகிறாள், பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை அப்பாவும் படித்தார். சனிக்கிழமைகூட அலுவலகம், மாலையில் வகுப்பு, அறைக்கு வந்தால் கண் சொருகுகிறது என்று எழுதியிருந்தாய். கணக்காயர் பரீட்சையில் தணிக்கைத் தாள் ஒன்றுதான் பாக்கி, இம்முறையும் தவறினால் அலுவலகத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், மிச்சமிருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான், அன்றைக்குப் புத்தகத்தைத் திறக்கலாமா என்று கேட்டிருந்தாய். யாருக்கும் தெரியாமல் திறந்திருக்கலாம், நீ கேட்டாய். அப்பா கடிதத்தை மடித்து வைத்துவிட்டார். ஓய்வு நாளில் வேலை கூடாதென்று நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு உருளைக்கிழங்கைச் சனிக்கிழமையே உரித்து வைக்கிறோம், கொடியில் துணி கிடந்தால் ஊரே பேசும். அதிலும் அவர் சபை மூப்பர், அவரிடம் நான் என்ன கேட்பது?

அப்படி இருக்கையில் போன ஞாயிறு ஆலயம் முடிந்து வரும்போது, முகத்தில் கறுப்புள்ள நம் ஆடு சதுப்பு வாய்க்காலில் கழுத்தளவு சிக்கிக் கிடந்தது. அப்பா கறுப்புக் கோட்டோடு சேற்றில் இறங்கிவிட்டார். பக்கத்து வீட்டுக் கென்னத் கரையில் நின்றுகொண்டு, "என்ன மூப்பரே, ஓய்வு நாள்ல ஆட்டுக் குளியலா?" என்று கேட்க, இவர் "வாய மூடிட்டு அந்தக் காலப் பிடிடா" என்றார். அவனும் நல்ல கால்சட்டையோடு இறங்கினான். வீட்டுக்கு வந்து, சேறு சொட்டச் சொட்ட வாசலில் நின்றபடியே, "ஆட்டுக்குன்னா இறங்குறேன், எம் மக அங்க கழுத்தளவு நிக்கிறா, கரையில நின்னு ஓய்வு நாள்னு சொல்லவா? படிக்கச் சொல்லு அவள" என்றார். அதனால் படி, கண்ணு. மனசு உறுத்தாமல் படி. கஞ்சி குடிக்காமல் உட்காராதே, தேநீரையே சாப்பாடாக ஆக்கிக்கொள்ளாதே.

இதை உன்னிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை. ஞாயிறு பகலில் ஆலயத்தில் அப்பா வேதாகமச் சங்கீதத்தின் முதல் அடியை எடுத்துக்கொடுப்பார், சபை பின்னால் பாடும். அதே நேரம் நீயும் அங்கே நம் மொழியில் ஆராதனை நடக்கும் ஆலயத்தில் பாடிக்கொண்டிருப்பாய் என்று நினைத்துக்கொள்வேன். அப்பா கொடுக்கிற அடியைக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து நீ வாங்கிக்கொள்வது போல இருக்கும். வாரம் முழுக்க நீ தூரத்தில் இருக்கிறாய், அந்தப் பாட்டு முடியும் வரை மட்டும் என் பக்கத்து இடத்தில் இருக்கிறாய். ஞாயிறும் படிக்க உட்கார்ந்துவிட்டால் இனி அங்கேயும் நீ இருக்கமாட்டாயே என்றுதான் யோசனை.

(அம்மா இந்தப் பத்தியை அடித்துவிடச் சொன்னாள். நான் அடிக்கவில்லை. அந்த இடத்தில் அம்மா யாரையும் உட்கார விடுவதில்லை அக்கா, தன் கையுறைகளை வைத்துக்கொள்கிறாள். - மைரெட்)

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பகல் பன்னிரண்டு அடித்ததும் புத்தகத்தை மூடி ஓர் அடி பாடிவிட்டு, மறுபடி திறந்துகொள். வீட்டுக்காரம்மாள் என்ன நினைத்தால் என்ன. பரீட்சை முடிந்த மறுநாளே கப்பல் ஏறிவிடு, தேறினாலும் தேறாவிட்டாலும் துறைமுகத்துக்கு நாங்கள் மூன்று பேரும் வருவோம். கர்த்தர் உன் கண்ணுக்கும் கைக்கும் பலம் தருவாராக. ஞாயிற்றுக்கிழமை கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு உட்கார், தரை குளிரும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா இஷ்பெல்

அக்கா, உறையை ஒட்டப்போகும்போது அப்பா வந்து கடிதத்தை வாங்கினார். ஆடு விஷயம் வந்த இடத்தில் தொண்டையைச் செருமினார். கடைசிப் பத்தியை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு, "பன்னிரண்டுன்னா எழுதின? பன்னிரண்டுக்கு ஜெபம்தான் ஆரம்பிக்கும். பாட்டு பன்னிரண்டேகாலுக்கு. மாத்து. அந்தக் கால் மணி நேரமும் அவ படிக்கட்டும்" என்றார்.